மூன்றாம் ஓலை

பிப்ரவரி 11, ஞாயிறு

நாளைக் காலை பத்து மணிக்கு எனக்குக் கல்யாணம் என்று பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது. நடக்காது.

பந்தல் போட்டாயிற்று. வாசலில் வாழை கட்டியாயிற்று. மதியம் மூன்று மணிக்கு எங்கள் சபைப் போதகரான ஐயரே நேரில் வந்தார். ஞாயிறு மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு ஒரு ஐயர் வீடு தேடி வந்தால் ஒன்று சாவு, இல்லை சபைத் தேர்தல். இது இரண்டுமில்லை. எலியாபுரம் கோவிலில் மூன்றாம் ஓலை வாசிக்கவில்லையாம்.

என் டைரியை யாரும் வாசிக்கப் போவதில்லை என்றாலும் முறையாக எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனைகளில் பெண், மாப்பிள்ளை பெயர்களை வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று சபையைக் கேட்பார்கள். அதுதான் ஓலை. பெண்ணின் சபையிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளையின் சபையிலும் வாசிக்க வேண்டும். எங்கள் கிருபாபுரத்தில் மூன்றும் முடிந்தது. எலியாபுரத்தில் இரண்டு முடிந்து, மூன்றாவது இன்று. இன்று அங்கே அசனப் பண்டிகை.

அசனம் என்றால் ஊரே ஒரே பந்தலில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிடுவது. எலியாபுரத்து அசனத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக அண்டாப் பொறுப்பு திரு. தங்கத்துரைக்கு. அதாவது மாப்பிள்ளைக்கு. மறுநாள் கல்யாணம் என்ற நினைப்பில்லாமல் மனிதர் கரண்டியோடு நின்றிருக்கிறார். சோறு சீக்கிரம் வெந்துவிட்டது. ஆராதனை முடியவில்லை. “சோறு குழையுது, சுருக்குங்க” என்று கோவிலுக்குள் ஆள் அனுப்பியிருக்கிறார். ஆராதனை நடத்திய உபதேசியார் அறிவிப்புகளை எல்லாம் ஒரே விழுங்காக விழுங்கி ஆசீர்வாதம் சொல்லி முடித்துவிட்டார். அறிவிப்போடு ஓலையும் போயிற்று.

சோறு குழையவில்லையாம். உதிரி உதிரியாக அருமையாக இருந்ததாம். ஐயர் அதையும் சொன்னார்.

வருகிற புதன் சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது நாள் நோன்பு, தபசு நாட்கள். தபசில் கோவிலில் கல்யாணமும் கிடையாது, ஓலையும் கிடையாது. பிஷப் நினைத்தால் விலக்குக் கொடுக்கலாம். அவர் வியாழன்தான் ஊர் திரும்புகிறார். வியாழக்கிழமை போய் அனுமதி வாங்கி, மணி அடிக்காமல், பூ வைக்காமல், தபசிலேயே அமைதியாக முடித்துவிடலாம் என்று ஐயர் மெதுவாகச் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

வேண்டாம் என்றேன். எல்லோருக்கும் ஒரே சட்டம், ஈஸ்டர் கழியட்டும் என்றேன். இந்த ஐயர் எங்கள் சபைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பழைய விஷயங்கள் அவருக்குத் தெரியாது. என் தம்பி மனைவி மெர்லின் மட்டும் ஜன்னல் வழியாகத் தெருவின் நான்காவது வீட்டைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

மெர்லின் அழுதாள். தம்பி பந்தல்காரரிடம் சத்தம் போட்டான், பாவம் அவர் என்ன செய்வார். நான் அழவில்லை. நாளைய சமையலுக்கு வாங்கிய வெங்காயம் மூட்டையாகக் கிடந்தது, அதை உரித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

இன்றைக்கு எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. உரித்த வெங்காயத்தைத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தனுப்பினேன். நான்காவது வீட்டுக்கு மெர்லின் கொண்டுபோனாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கோவிலுக்குப் போய்ப் பீடத்திலிருந்த பூச்சாடிகளை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தேன். ஈஸ்டர் வரை பீடத்தில் பூ இல்லை. ஊதாத் துணியை இஸ்திரி போட்டு விரித்தேன். பதினெட்டு வருஷமாக இந்த வேலை என் பொறுப்பு. எந்தக் காலத்துக்கு எந்த நிறம் என்று ஐயருக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்குத் தபசு டீச்சர் என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு விரிப்பதற்காகப் போன வாரமே வெள்ளைத் துணியை வெளுத்து வைத்திருந்தேன். அதை மடித்து அலமாரியில் அடியில் வைத்தேன்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

இந்த வருஷம் காதலர் தினமும் இதே நாளில் விழுந்திருக்கிறது. காலண்டருக்கும் குசும்பு உண்டு போல.

காலை ஆறு மணி ஆராதனையில் போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பலை ஐயர் நெற்றியில் இட்டார். அதோடு பள்ளிக்கூடத்துக்கு எட்டுப் பத்து மணி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் திரு. தங்கத்துரை. கல்யாணம் பேசி முடித்த பிறகுதான் அவர் இந்த வழித்தடத்துக்கு மாற்றலாகி வந்தார். கேட்டு வாங்கி வந்தார் என்பது மெர்லினின் கட்சி. அவர் நெற்றியிலும் சாம்பல். எனக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

“டீச்சர், நான் செஞ்சது தப்புதான். ஆனா எழுநூறு பேரு சோறு. குழைஞ்சிட்டுன்னா ஒரு வருசத்துக்குப் பேசுவானுவ.”

“இப்ப நாப்பது நாளு பேசுவாங்க” என்றேன்.

சிரித்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. மேல்வரிசையில் ஒரு பல் லேசாக ஏறியிருக்கிறது. குறிப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பிஷப்பைப் பார்க்கலாமே என்று அவரும் கேட்டார். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது என்றேன். தலையாட்டிவிட்டுப் பின்படிக்குப் போனார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் நோட்டுக்குள் ரோஜாப்பூ வைத்திருந்தாள். பிடுங்கினேன். கடைசி மணி அடித்ததும் திருப்பிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 18, தபசின் முதல் ஞாயிறு

ஐயர் சோதனையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பாட்டு முழுக்க இழுவை. தபசில் அல்லேலூயா பாடுவதில்லை என்பதற்காகப் பாட்டையே தூங்கப் போட வேண்டுமா என்று பாடகர் குழுவிடம் கேட்க வேண்டும்.

எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் ஜெமிமா தன் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். நான்காவது வீடு அவளுடையதுதான். முன்னறையில் தையல் கடை. கிருபாபுரத்துப் பெண்கள் எல்லோருக்கும் அவள்தான் தைக்கிறாள். நான் டவுனில் கொடுக்கிறேன். டவுன் தையல் எனக்கு ஒத்துப்போகிறது.

பிப்ரவரி 23, வெள்ளி

ஒரு கணக்கு. எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூட நிறுத்தம் வரை பஸ்ஸில் பதினோரு நிமிஷம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்குள் எப்படியும் முப்பது நாள் பள்ளிக்கூடம் இருக்கும். ஆக முந்நூற்று முப்பது நிமிஷம், ஐந்தரை மணி நேரம். பெண் பார்க்க வந்த அன்று நாங்கள் பேசியது மொத்தம் நான்கு நிமிஷம். அதில் இரண்டு நிமிஷம் மிக்சரைப் பற்றி.

இந்த ஒன்பது நாளில் தெரிந்துகொண்டது: தபசுக்காக டீயை விட்டிருக்கிறார், விட்டதிலிருந்து டிரைவரோடு தினமும் சண்டை போடுகிறார். மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து முடிக்கும்போது நாற்பத்தேழு வயதாகிவிட்டிருந்தது. கறியில் தேங்காயை எப்போது சேர்க்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமே கொடுப்பதில்லை. என் அம்மா படுக்கையில் கிடந்த ஏழு வருஷத்தைப் பற்றிக் கேட்டார். நான் வழக்கமாக இரண்டு வாக்கியத்தில் சொல்வேன். இன்று பள்ளிக்கூட நிறுத்தம் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

தங்கத்துரைக்குக் குரல் நன்றாக இருக்கிறது. நிறுத்தங்களின் பெயர்களைச் சொல்லும்போது கவனித்தேன்.

மார்ச் 2, வெள்ளி

இன்று பேச்சு சரியில்லை. அவருடைய தங்கைகள் மூவரும் சேர்ந்து அவரை அரிக்கிறார்களாம். தள்ளிப்போன கல்யாணம் தட்டிப்போகும் என்று சொல்கிறார்களாம். எனக்கு அது புதிதில்லை. எனக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் அப்படித் தட்டிப்போயிருக்கிறது. முதலாவது அப்பா இறந்தபோது. இரண்டாவது அம்மா விழுந்தபோது.

“பிஷப் ஒரு கையெழுத்துப் போட்டா அடுத்த வாரமே முடிஞ்சிரும். ஏன் வேண்டாங்கிய? எனக்கு ஒரு காரணத்தைச் சொல்லுங்க, நான் வாயை மூடிக்கிடுதேன்.”

“சட்டம்.”

“அது காரணம் இல்ல டீச்சர், அது புஸ்தகம்” என்றார். நான் இறங்கும்போது வழக்கமாக “பாத்து இறங்குங்க” என்பார். இன்று சொல்லவில்லை.

மார்ச் 5, திங்கள்

எட்டுப் பத்து பஸ்ஸில் வேறு கண்டக்டர்.

மார்ச் 6, செவ்வாய்

இன்றும்.

மார்ச் 7, புதன்

அந்தப் புதுக் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரையே சொல்வதில்லை. புதியவர்கள் எப்படி இறங்குவார்கள்? டிப்போவுக்கு எழுதிப்போட வேண்டும். தங்கத்துரை எங்கே என்று அந்த ஆளிடம் கேட்டிருக்கலாம். ஒரு டீச்சர் பஸ்ஸில் வைத்துக் கண்டக்டரைப் பற்றி விசாரித்தால் சாயங்காலத்துக்குள் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிடும்.

மார்ச் 9, வெள்ளி

பெட்டியைத் திறந்து கல்யாண ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். சும்மாதான். சாக்கு மாதிரித் தொங்குகிறது.

மார்ச் 11, தபசின் நான்காம் ஞாயிறு

இன்று தாய்மார் ஞாயிறு. ஆராதனை முடிந்து பிள்ளைகள் எல்லோரும் அவரவர் அம்மாவுக்குப் பூ கொடுத்தார்கள். என் தம்பி மகன் ஒன்று மெர்லினுக்கும் ஒன்று எனக்கும் கொடுத்தான். மதியம் நான் தட்டைத் தள்ளி வைத்ததைப் பார்த்து மெர்லின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “மைனி, நீங்க சாப்பிடாம இருக்கது தபசுக்கா, இல்ல அந்த அண்ணன் வராததுக்கா?” என்றாள். தபசுக்கு என்றேன். “அப்போ நாலாவது வீட்டுக்காக இல்லையே?” என்றாள். இந்தப் பெண்ணை என் தம்பி எங்கே பிடித்தான் என்று தெரியவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர். தபசின் மூன்றாம் வாரம் ஜெமிமாவின் அப்பா ஆசீர் அண்ணாச்சி கமிட்டிக்கு வந்தார். வயிறு வீங்கி, தன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர்கள் கைவிட்டாயிற்று. ஜெமிமாவுக்கு மாப்பிள்ளை தயார், உள்ளூரிலேயே இருந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றார். அப்போதிருந்த ஐயர் இளகிவிட்டார், பிஷப்புக்கு எழுதலாம் என்றார். நான் பிஷப்பின் திருமண்டல விதிப் புத்தகத்தை எடுத்து, பக்க எண் சொல்லி, தபசில் கல்யாணம் கூடாது என்ற விதியை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அத்தோடு அது முடிந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள் ஆசீர் அண்ணாச்சி இறந்துபோனார். ஈஸ்டர் கழித்து ஜெமிமாவுக்குக் கல்யாணம் நடந்தது. எல்லாம் விதிப்படி. நான் சாவுக்குப் போகவில்லை. மறுநாளைக்கு நூற்றிருபது குருத்தோலைச் சிலுவை மடிக்க வேண்டியிருந்தது.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எனக்குப் பேசியிருந்த இரண்டாவது சம்பந்தம் கலைந்ததும் அதே தபசில்தான். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

தொடர்பில்லை என்று எழுதிவிட்டு அரை மணி நேரமாக அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 14, புதன்

வந்துவிட்டார்.

எட்டுப் பத்துக்கு பஸ் நின்றது. முன்படியில் அவர். இளைத்துக் கறுத்திருந்தார். ஒன்பது நாளாக மதுரை, சென்னை என்று நெடுந்தூர வண்டிகளில் மாற்றாளாகப் போயிருக்கிறார். ஈஸ்டருக்குப் பிறகு பத்து நாள் சேர்ந்தாற்போல லீவு வேண்டும், அதற்காக மற்ற கண்டக்டர்களின் முறையை எல்லாம் வாங்கிப் பார்த்திருக்கிறார். சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்றேன். “நீங்க கோவமா இருந்திய” என்றார். நான் கோபமாகவா இருந்தேன்?

அப்போதே சொல்லத் தொடங்கிவிட்டேன். பஸ்ஸில், நின்றுகொண்டு, இரண்டு கூடைக்காரிகளுக்கு நடுவில். ஆசீர் அண்ணாச்சி, விதிப் புத்தகம், பக்க எண், எல்லாம். ஜெமிமாவுக்கு மறுத்ததை எனக்கு மட்டும் எந்த முகத்தோடு கேட்பது என்று சொன்னேன். இதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை என்றேன். ஒரு நிறுத்தத்தில் யாரோ சீட்டுக் கேட்டார்கள். “கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி” என்றார். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியது. கூடைக்காரிகளும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பையைத் துழாவினார்.

“இதை நீங்க என்கிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்ல டீச்சர். நான் சீட்டுக் குடுக்கற ஆளு. மன்னிப்புக் குடுக்கற ஆளு நாலாவது வீட்டுல இருக்காவ.”

பிறகு, ஈஸ்டர் என்ன, வருகிற கிறிஸ்துமஸ் வரை ஆனாலும் காத்திருப்பதாகச் சொன்னார். “காரணம் சொல்லிட்டிய. அது போதும்.” கூடைக்காரிகளில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

மொத்தம் இருபத்தாறு நிமிஷம். முதல் பாடவேளைக்குத் தாமதம். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மார்ச் 17, சனி

ரவிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு நான்காவது வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து முப்பத்தெட்டு காலடி. எண்ணிக்கொண்டே போனேன்.

ஜெமிமா மெஷினை நிறுத்தினாள். ஒரு நொடி என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். உள்ளே பிடித்து அளவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி ரவிக்கையை நீட்டினேன். வாங்கிப் புரட்டி, டவுன் தையலைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். அளவு நாடாவை எடுத்து என்னைச் சுற்றி வந்தாள். அவள் முகம் என் முதுகுக்குப் பின்னால் இருந்த நேரத்தில் சொன்னேன். அன்றைக்கு உங்கள் அப்பாவுக்கு நான் செய்தது தப்பு என்றேன்.

நாடா நின்றது.

“நீங்க சட்டத்தை வாசிச்சதுல எனக்குக் கோவம் இல்ல டீச்சர். அப்பாவே, டீச்சர் சொல்லுதது சரிதான் புள்ள, ஈஸ்டர் வரைக்கும் இருக்கப் பாக்கேன்னுதான் சொன்னாவ. வாசிச்சிட்டு அதுக்கப்புறம் நீங்க எங்க வீட்டுக்கு வரவே இல்ல, பாத்தியளா. மூணு வாரம் அவுக படுக்கையில கெடந்தாவ. சாவுக்கும் வரல. நாலு வீடு தள்ளி இருந்துகிட்டு. அதுதான்.”

இதற்குப் பதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. வந்து நிற்க வெட்கமாக இருந்தது, வருஷம் ஆக ஆக வெட்கமும் வளர்ந்துவிட்டது என்று சொன்னேன். மன்னித்துவிடு ஜெமிமா என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் வந்து, தன் கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு, கையைத் தூக்குங்கள், அக்குள் அளவு எடுக்க வேண்டும் என்றாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஏன் பிஷப்பிடம் அனுமதி கேட்கவில்லை என்று அவளும் கேட்டாள். உனக்குக் கிடைக்காததை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்றேன். நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதுக்காகவா அந்த மனுசனை நாப்பது நாளு காயப் போட்டிருக்கிய? என்ன மக்கு டீச்சர் நீங்க” என்று சிரித்தாள். கணக்கு டீச்சரை இதுவரை யாரும் மக்கு என்று சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது.

இடுப்பில் இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறதாம். பிடித்துத் தைக்கிறேன், ஆனால் உள்ளே துணி விட்டு வைக்கிறேன், கல்யாணத்துக்குப் பிறகு அசனக்காரர் சமையலில் ஊதிவிடுவீர்கள் என்றாள்.

மார்ச் 19, திங்கள்

காலையில் பஸ்ஸில் ஏறியதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். “ரைட்டு” என்று சொல்லி விசில் அடித்தார். எப்போதும் அடிப்பதைவிடக் கொஞ்சம் நீளம்.

மார்ச் 24, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. சாயங்காலம் கோவில் முற்றத்தில் ஓலை மடிக்க உட்கார்ந்தேன். ஜெமிமா பிள்ளைகளோடு வந்து, கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து மடித்தாள். அவளுக்குக் கை வேகம். என் நூற்றிருபதில் எழுபது அவள் மடித்தது.

அவள் அப்பா இறந்தது இதே சனிக்கிழமை. முடித்துவிட்டு இருவரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். ஆசீர் அண்ணாச்சியின் கல்லறையில் ஒரு சிலுவையை வைத்தேன். வந்துட்டேன் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 25, குருத்தோலை ஞாயிறு

ஊர்வலத்தில் ஓலையைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகப் பாடினேன். பக்கத்திலிருந்த மெர்லின் திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 30, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. பீடத்தில் துணிகூட இல்லை, வெறும் மரம். முடிந்ததும் கோவில் வாசலில் எல்லோருக்கும் கஞ்சி. ஜெமிமா என் தூக்கில் இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றச் சொன்னாள். ரவிக்கை அளவுக்கு ஆபத்து என்றேன். அதற்குத்தான் துணி விட்டிருக்கிறேனே என்றாள்.

மார்ச் 31, சனி

அலமாரியின் அடியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தேன். மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. பூச்சாடிகளை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினேன். மெர்லின் இரண்டு வாளி நிறைய சம்பங்கி கொண்டுவந்தாள். நாற்பது நாள் வெறுமையாகப் பார்த்த பீடத்தில் முதல் பூவை வைத்தேன். ஈஸ்டருக்கு வைக்கிற பூ, நாளை மறுநாள் கல்யாணத்துக்கும் வாடாமல் இருக்க வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே பூ பார்த்துக்கொள்ளும்.

நாளைக்கு எலியாபுரத்தில் காலை ஆராதனையில் மூன்றாம் ஓலை. பந்தல்காரர் இந்தத் தடவை ஓலை வாசித்த செய்தி வந்த பிறகுதான் கால் ஊன்றுவேன் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

விடிவதற்கு முன்பே கோவில் நிறைந்துவிட்டது. கையில் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம், கிழக்கு வெளுக்கும்போது பாடிக்கொண்டே திரும்பினோம். நாற்பது நாள் வாயை மூடி வைத்திருந்த பாடகர் குழு அல்லேலூயாவை அடக்க மாட்டாமல் பாடியது. சுருதி இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. கர்த்தர் எழுந்துவிட்டார். நான் அழுதேன், கையில் வெங்காயம் இல்லை.

ஆராதனை முடிந்து ஆப்பமும் பாயாவும் சாப்பிடும்போது ஜெமிமாவைத் தேடினேன். காணவில்லை. முதல் பஸ்ஸுக்குப் போனதாக அவள் மகள் சொன்னாள். எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

எலியாபுரத்தில் ஆராதனை எட்டரைக்கு. ஒன்பதரைக்கு ஓலை வாசித்திருக்க வேண்டும். பத்து ஆயிற்று. பந்தல்காரர் வாசலில் மூங்கிலோடு உட்கார்ந்திருந்தார். பத்தே காலுக்குப் போன் வந்தது. தங்கத்துரைதான்.

“டீச்சர், ஓலை வாசிச்சாவ. தடை உண்டான்னு கேட்டாவ. ஒரு பொம்பள எழும்பிட்டாவ.”

இன்று ஏப்ரல் ஒன்று, இந்த விளையாட்டெல்லாம் என்னிடம் வேண்டாம் என்றேன். விளையாட்டில்லை, சத்தியமாக எழும்பினார்கள் என்றார். யார் என்று கேட்டேன். உங்கள் ஊர்தான், ஜெமிமா என்று பெயர் சொன்னார்கள் என்றார். நான் பந்தல்காரரின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். பதினோரு வருஷத்துக் கணக்கைத் தீர்க்கிறாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று அந்த ஒரு நொடி நினைத்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

“இருங்க, அவுகளே பேசுதாவளாம்.”

ஜெமிமாவின் குரல் மூச்சு வாங்கியது.

“டீச்சர், பயந்திட்டியளா? தடை ஒண்ணும் இல்லன்னு சொல்லத்தான் எழும்பினேன். அந்த உபதேசியார் வாசிச்சது முன்பெஞ்சுக்கே கேக்கல. போன தடவை மாதிரி ஆயிரப்பிடாது, இன்னொரு தடவை சத்தமா வாசிங்க ஐயான்னேன். வாசிச்சாவ.”

பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள்: “எங்கப்பாவுக்கும் சேத்துத்தான் எழும்பினேன்.”

போனை மெர்லின் வாங்கிக்கொண்டாள். பந்தல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லதா கெட்டதா என்று கேட்டார். ஊன்றுங்கள் என்றேன்.

மூன்று வாசித்தால் போதும். எங்களுக்கு எலியாபுரத்தில் நான்கு.

ஏப்ரல் 2, திங்கள், காலை

எட்டுப் பத்து பஸ் இப்போதுதான் தெருமுனையில் நின்று போனது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேறு கண்டக்டர். எங்கள் கண்டக்டருக்கு இன்றைக்குக் கல்யாணம்.